வீட்டில் கிடப்பதை வைத்துக் கைவேலை: கடைக்கு ஓடாமல் எதைச் செய்யலாம்?

கெடிலக்கரை (திருப்பாப்புலியூர், கடலூர்)

காலாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில். ஒன்று மூன்றாவது, இன்னொன்று ஆறாவது. செல்போனை வாங்கி வைத்தால் "அப்போ நாங்க என்னதான் பண்றது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கைவேலை வீடியோக்கள் நிறைய பார்த்தேன். எல்லாமே "வீட்டில் இருக்கும் பொருளே போதும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில் க்ளூ கன் வருகிறது, அக்ரிலிக் பெயின்ட் வருகிறது, மினுமினுக்கும் தூள் வருகிறது, ஐஸ்குச்சி ஒரு கட்டு வருகிறது. ஐஸ்குச்சியைக் கட்டுக்கட்டாக வீட்டில் யார் வைத்திருக்கிறார்கள்? முந்நூறு, நானூறு ரூபாய் செலவழித்து ஒரு பென்சில் டப்பா செய்வதற்கு, பென்சில் டப்பாவையே வாங்கிவிடலாம்.

என் நிபந்தனைகள் மூன்று. புதிதாக வாங்குவது ஐம்பது ரூபாயைத் தாண்டக்கூடாது. செய்த பொருள் வீட்டில் ஏதாவது ஒரு வேலைக்கு ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி நிற்க வேண்டும். கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது புரியும். அட்டையில் எதைச் செய்தாலும் தீபாவளிக்குள் பூஞ்சணம் பிடித்து நமத்துப் போகிறது.

யோசனை சொல்லுங்கள்.

ஒயர்கூடை அக்கா (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

மூன்று நிபந்தனைக்கும் ஒரே பதில் மிதியடி. பழைய காட்டன் சேலை ஒன்று, கோணி ஊசி ஒன்று, கெட்டி நூல். வேறு எதுவும் வேண்டாம்.

சேலையைக் கத்தரிக்கோலால் முழுக்க வெட்டிக்கொண்டு உட்காராதீர்கள். ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுத்துக் கையால் இழுத்தால் நீளவாக்கில் சர்ரென்று கிழிந்து வரும். காட்டன் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், சேலையைக் கிழிக்கச் சொல்லி அம்மாவே உத்தரவு போடுவது அவர்களுக்குத் திருவிழா. அப்புறம் மூன்று கால் பின்னல். துண்டு முடிந்தால் முடிச்சுப் போட வேண்டாம். இரண்டு முனையிலும் சின்னதாகக் கீறல் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்தால் சேர்த்த இடமே தெரியாது.

பின்னலை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வைத்து, பக்கத்துப் பக்கமாகத் தைத்துக்கொண்டே போக வேண்டும். தரையிலோ மேஜையிலோ தட்டையாக வைத்துத்தான் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால், கை தன்னையறியாமல் பின்னலை இழுத்துப் பிடிக்கும், சுற்று ஏற ஏற ஓரம் மேலே தூக்கிக் கூடையாகிவிடும். வளைவில் பின்னலைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள்.

ஒன்றரை அடி அகல மிதியடிக்கு ஒரு சேலை தாராளம், மிச்சம்கூட வரும். சிந்தெட்டிக் சேலை மட்டும் வேண்டாம். தண்ணீரை உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் வழுக்கும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அது வம்பு.

லாஸ்பேட்டை (புதுச்சேரி)

பாட்டிலில் விளக்கு, பூச்சாடி செய்யலாமே? நம்ம ஊரில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்! நூலை மண்ணெண்ணெயில் நனைத்துப் பாட்டிலில் சுற்றி, கொளுத்தி, உடனே தண்ணீரில் முக்கினால் அழகாக இரண்டாகிவிடும் என்று பார்த்தேன்.

பழைய வாத்தியார் (வில்லியனூர்)

தம்பி, அதை ஆறாவது படிக்கிற பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள். இல்லாதபோதும் செய்யாமல் இருப்பது நல்லது. சூடான கண்ணாடியைச் சட்டென்று குளிர வைத்தால் அது சுருங்கும் வேகம் இடத்துக்கு இடம் மாறுகிறது, அதனால்தான் விரிசல் விடுகிறது. அந்த விரிசல் நீங்கள் நூல் கட்டிய கோட்டிலேயே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தங்கி, பிறகு ஒரு நாள் கழுவும்போது கையில் உடையும். பாட்டிலை வெட்டாமல் அப்படியே சணல் கயிறு சுற்றி மணி பிளான்ட் வையுங்கள். அது போதும்.

லாஸ்பேட்டை

சரி சார். பாட்டில் ஐடியா வாபஸ்.

ஆயாபேரன் (குறிஞ்சிப்பாடி)

பேப்பர் கூடையை ஏன் யாரும் சொல்லவில்லை? எங்கள் பக்கம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆயா (பாட்டி) செய்யும்போது கூட இருந்து கூழ் பிசைந்தவன் என்பதால் முழுசாகவே எழுதுகிறேன்.

பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தினம் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாறும். வழவழ தாளில் வரும் வார இதழ், விளம்பரத் தாள் எல்லாம் சேர்க்காதீர்கள், சீக்கிரம் ஊறாது. வெந்தயத்தைத் தனியாக ராத்திரி முழுக்க ஊறவைத்து வெண்ணெயாக அரைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு அரை கிலோ பேப்பருக்கு ஒரு ஆழாக்கு வெந்தயம். ஊறிய பேப்பரைப் பிழிந்து உரலில் போட்டு இடிப்பார்கள். இப்போது மிக்ஸிதான். கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் தாராளமாக விட்டு அரைத்து, பிறகு துணியில் கட்டிப் பிழியுங்கள். கெட்டியாகப் போட்டால் மிக்ஸி சூடாகி நின்றுவிடும்.

இரண்டையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். ஒரு பிடி மஞ்சள் தூள் சேர்ப்பது ஆயா வழக்கம், நிறமும் நன்றாக இருக்கும்.

அச்சுக்கு ஒரு குண்டானைக் கவிழ்த்து வையுங்கள். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கிற பாத்திரமாகப் பாருங்கள். குடம், பானை மாதிரி வயிறு பெருத்திருந்தால் பாதி உயரத்துக்கு மேல் போர்த்தக்கூடாது, அப்புறம் கழற்றவே முடியாது. குண்டான் மேல் ஈரத்துணி ஒன்றை விரித்து, அதன் மேல் கூழை அப்பிக்கொண்டே வாருங்கள். அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும், எல்லா இடத்திலும் ஒரே கனம். கையை நனைத்து நனைத்துத் தட்டி, கடைசியில் கரண்டியின் முதுகால் தேய்த்தால் மேல்புறம் வழவழப்பாகிவிடும்.

இனிமேல்தான் கவனம். முதல் நாளே உச்சி வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஒரு நாள் நிழல், அப்புறம் வெயில். முழுக்கக் காயும் வரை குண்டான் மேலேயே விட்டுவிடாதீர்கள். கூழ் காயக் காயச் சுருங்கும், சுருங்கச் சுருங்கக் குண்டானை இறுக்கிப் பிடிக்கும். கை வைத்தால் அமுங்காமல், ஆனால் இன்னும் சில்லென்று ஈரமாக இருக்கும்போதே துணியோடு சேர்த்துத் தூக்கிவிடுங்கள். பிறகு உள்ளே வெளியே திருப்பித் திருப்பி மூன்று நாலு நாள் காய்ந்தால் கூடை கல் மாதிரி ஆகிவிடும். விளிம்புக்குப் பழைய சேலைக் கரையை வெந்தயப் பசையாலேயே ஒட்டினால் உதிராது.

எங்கள் வீட்டில் ஒன்று மல்லாட்டைக்கு (வேர்க்கடலை), ஒன்று முந்திரிக்கொட்டைக்கு இருந்தது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்து கூரை போனபோது இரண்டும் நனைந்து மறுபடி கூழாகிவிட்டன. தண்ணீர் பட்டால் அதோடு சரி.

கெடிலக்கரை

அண்ணே, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு சந்தேகம். மைதா பசை போட்டால் ஆகாதா, வெந்தயம்தான் வேண்டுமா? முறுக்கு, அதிரசம் போட்டு வைக்கலாமா?

பழைய வாத்தியார்

பசையைப் பற்றி முதலில். வெந்தயத்தில் இருக்கும் கொழகொழப்பு கேலக்டோமன்னன் என்னும் பசைப்பொருள். புளியங்கொட்டையிலும் இதற்கு நெருங்கிய ஒன்று இருக்கிறது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் அருமையான பசை கிடைக்கும், மரவேலைக்கும் பொம்மை வேலைக்கும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். மைதாவும் ஒட்டும்தான். ஆனால் கரப்பானுக்கும் எலிக்கும் அது சாப்பாடு. சுவரொட்டி ஒட்டுபவர்கள் மைதாவில் மயில்துத்தம் கலப்பது பூச்சி வராமல் இருக்கத்தான். துத்தம் விஷம், பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் அது வேண்டவே வேண்டாம்.

முறுக்கு, அதிரசம் கூடாது. எண்ணெய்ப் பலகாரம் அச்சு மையை இழுக்கும். செய்தித்தாளில் உணவைக் கட்டித் தராதீர்கள் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2016-இல் எச்சரித்தது, 2023-இல் மறுபடியும் சொன்னது. காகிதம் கூழானாலும் மை எங்கேயும் போய்விடவில்லை.

ஆயாபேரன்

சார், எங்கள் ஆயா அதில் அரிசியே வைத்திருந்தாங்க. தொண்ணூறு வயசு வரை இருந்தாங்க.

பழைய வாத்தியார்

ஆயாவுக்கு வணக்கம். அவங்க உடம்பு வேறு, நம்ம உடம்பு வேறு. தோலோடு இருக்கிற மல்லாட்டை போடுங்கள், பூண்டு போடுங்கள். உரிக்காமல் தின்கிற எதையும் போடாதீர்கள்.

ஆயாபேரன்

இது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

பொம்மைத்தெரு (திருக்கனூர்)

எங்கள் ஊர்க் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் புதுச்சேரியிலேயே பலருக்குத் தெரியாது. அந்த உரிமையில் நானும் இரண்டு வார்த்தை.

தொழிலாகச் செய்பவர்கள் வெறும் கூழை வைத்து வேலை செய்வதில்லை. கூழோடு சுண்ணாம்புத் தூள் சேர்ப்பார்கள், ஒட்டுவதற்குக் கிழங்கு மாவைக் காய்ச்சிச் சேர்ப்பார்கள். தூள் சேர்த்தால் சுருக்கம் குறையும், மேல்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வாகாக இருக்கும், பெயின்ட் நின்று பிடிக்கும். வெறும் பேப்பர் கூழ் என்றால் எவ்வளவு தேய்த்தாலும் நார் நாராக எழும்பும். நீங்கள் கூடைதானே செய்கிறீர்கள், அந்த நார் இருப்பதுதான் நல்லது, அதுதான் வலு. பொம்மை முகம் செய்ய வேண்டும் என்றால்தான் தூள் தேவை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். செய்வதானால் இந்த வாரமே செய்யுங்கள். மழை பிடித்துவிட்டால் கூழ் காயாது, வெந்தயம் புளித்து வீடே நாறும். பொம்மை செய்பவர்களுக்கே மழை மாதம் கஷ்ட காலம்.

பழைய பேப்பர் கடை (நெல்லிக்குப்பம்)

எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். பேப்பரை எடைக்குப் போட்டால் காசு வரும், அதில் பிளாஸ்டிக் கூடை வாங்கலாம், பத்து வருஷம் உழைக்கும், நனைந்தாலும் கவலை இல்லை. வெந்தயம் விற்கிற விலைக்கு அரை கிலோ பேப்பரில் ஆழாக்கு வெந்தயமா? கைவேலை என்று சொல்லி நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம்.

கெடிலக்கரை

காசுக் கணக்கு சரிதான். ஆனால் நான் கூடைக்காக ஆரம்பிக்கவில்லை, பத்து நாள் லீவுக்காக ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் கூடை வாங்க ஐந்து நிமிஷம் போதும், மீதி நேரத்துக்கு என்ன பண்ண?

நவராத்திரி (எல்லைப்பிள்ளைச்சாவடி, புதுச்சேரி)

செய்த பொருள் "வேலைக்கு ஆக வேண்டும்" என்று எல்லோரும் ஒரே பிடியாக நிற்கிறீர்கள். பெரியவர்கள் கவலை அது. மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கு மிதியடியில் என்ன ஆசை இருக்கும்? கிழிக்கிற வரை இருக்கும், தைக்கும்போது ஓடிவிடும்.

கொலு வைக்கும் வீடாக இருந்தால் பார்க் போடச் சொல்லுங்கள். வைக்காத வீடாக இருந்தாலும் திண்ணையில் போடலாம். இதைவிட மலிவான கைவேலை கிடையாது. ஒரு பழைய தட்டிலோ மரப்பலகையிலோ மணலைப் பரப்பி, ஒரு பக்கம் கேழ்வரகு, ஒரு பக்கம் கடுகு தூவி, தண்ணீரைக் கொட்டாமல் கையால் தெளிக்க வேண்டும். நாலைந்து நாளில் கடுகு பச்சைப் பசேல் என்று புல்தரை ஆகிவிடும், கேழ்வரகு வயலாகிவிடும். கைப்பிடி உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளம். கண்ணாடியின் விளிம்பு மணலுக்குள் புதைந்திருக்க வேண்டும், அதைப் பெரியவர்கள் வையுங்கள். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால் மாடி வீடு. கோலமாவில் ரோடு. செங்கல் தூள் இருந்தால் நடைபாதை. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் களிமண் பூசினால் மலை, மலை மேல் ஒரு பிள்ளையார்.

என் பிள்ளைகள் இதில் ரயில்வே கேட் வைத்தார்கள். ஈர்க்குச்சியும் நூலும். நூலை இழுத்தால் கேட் தூக்கும். ராத்திரி எல்லாம் அந்தக் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு இருந்தார்கள். பத்தாம் நாள் எல்லாவற்றையும் எடுத்துத் தோட்டத்தில் கொட்டியாகிவிட்டது. எந்த வேலைக்கும் ஆகவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை.

பழைய பேப்பர் கடை

ரயில்வே கேட் எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு நான் எதிர்ப்பு இல்லை.

சைக்கிள் கம்பி (கோட்டக்குப்பம்)

பேப்பரை அரைக்காமலே கூடை செய்யும் வழியும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் வெல்பேப்பர் என்று கிராமத்துப் பெண்களுக்காக ஆரம்பித்த அமைப்பில் செய்தித்தாளைச் சுருட்டியே கிண்ணம், கூடை எல்லாம் செய்கிறார்கள். முறை எளிது. தாளை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, சைக்கிள் சக்கரக் கம்பியை ஒரு மூலையில் சாய்வாக வைத்து இறுக்கிச் சுருட்டி, கடைசி முனையில் மட்டும் பசை வைத்துக் கம்பியை உருவிவிடுங்கள். நேராக வைத்துச் சுருட்டினால் குட்டையாக வரும், சாய்வாக வைத்தால்தான் நீளமாகவும் ஒரு முனை கொஞ்சம் ஒல்லியாகவும் வரும். ஒல்லி முனையை அடுத்ததன் தடித்த முனைக்குள் சொருகினால் எவ்வளவு நீளத்துக்கும் போகலாம். அதைத் தட்டையாக நசுக்கி, வட்டமாகச் சுற்றி ஒட்டினால் டம்ளர் வைக்கும் தட்டு. சுற்றிய தட்டை நடுவில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி இறக்கினால் கிண்ணமாகிவிடும், உள்ளே பசை பூசிவிட்டால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும்.

ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு இது சரியான வேலை. கம்பிக்குப் பழைய சைக்கிள் போதும், இல்லையென்றால் சைக்கிள் கடையில் கேட்டால் வளைந்த கம்பி ஒன்றைச் சும்மாவே தருவார்கள். முனையைத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள், கூராக இருக்கும். துடைப்பக் குச்சியில் சுற்றினால் பாதியில் வளைந்துவிடுகிறது.

லாஸ்பேட்டை

அரவிந்தர் ஆசிரமத்தில் செய்கிற கைக்காகிதம் மாதிரி வீட்டில் தாள் செய்ய முடியுமா? அதுவும் பேப்பர் கூழ்தானே?

பழைய வாத்தியார்

கூழ்தான், ஆனால் வேறு கூழ். 1959-இலிருந்து நடக்கும் அந்தப் பட்டறையில் மூலப்பொருள் பருத்தித் துணி வெட்டுத்துண்டுகள். பருத்தி நார் நீளமானது, அதனால் தாள் கிழியாமல் நிற்கும், நிறமும் மாறாது. செய்தித்தாள் மரக்கூழ், நாரும் குட்டை, மரத்தில் இருக்கும் லிக்னின் என்னும் பொருளும் அதிகம். வெயிலில் சில நாள் கிடந்தாலே மஞ்சளாகிறதே, அதனால்தான். கொசுவலைத் துண்டை ஒரு பழைய போட்டோ சட்டத்தில் இழுத்துக் கட்டி, தண்ணியான கூழில் முக்கித் தூக்கினால் வீட்டிலும் தாள் வரும். பழுப்பாக, சொரசொரப்பாக வரும். எழுத வராது. கொலுவுக்கு அழைப்பு அட்டை செய்யலாம். ஒரு மத்தியானம் போய்விடும்.

ஒயர்கூடை அக்கா

துணித் துண்டு மிச்சம் வரும் என்றேனே, அதற்கும் ஒரு வழி. 2004 சுனாமிக்கு அப்புறம் ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் மூலமாக மீனவப் பெண்கள் வெட்டுத்துணியில் விரல் அளவு பொம்மை செய்தார்கள், சுனாமிகா என்று பெயர். விலைக்கு விற்காமல் பரிசாகவே கொடுத்தார்கள். நம்ம கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும் அந்த டிசம்பர் மறக்காது. சின்னப் பிள்ளைக்கு அந்த அளவில் ஒரு பொம்மை கட்டச் சொல்லித் தரலாம். பஞ்சு உருண்டையைத் துணியில் வைத்து நூலால் கட்டினால் தலை, தொங்குகிற துணி பாவாடை, குறுக்கே முறுக்கிய துணி கை. ஊசியே வேண்டாம்.

வீட்டில் புது ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் வந்திருந்தால் அட்டைப்பெட்டியைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒயர்கூடைக்குப் போடும் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாய் முடைவது போலக் குறுக்கும் நெடுக்கும் விட்டால் காய்கறிக் கூடை வந்துவிடும். இதுதான் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அசையாதது. ஓரம் கையைக் கிழிக்கும், அதனால் பெரியவர்கள் வேலை.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. இப்படிப் பிரித்துக்கொண்டேன். சின்னதுக்குப் பார்க், கடுகு இன்றைக்கே தூவியாகிவிட்டது. பெரியவனுக்குச் சைக்கிள் கம்பி. பேப்பர் ஊறப்போட்டிருக்கிறேன், வானம் தெளிவாக இருக்கிறது. வெந்தயம் வீட்டில் இருப்பது போதும் என்பதால் சின்னக் கூடைதான், பூண்டுக்கு. மிதியடி எனக்கு.

ஒயர்கூடை அக்கா, ஒரு கேள்வி பாக்கி. மிதியடியை வாஷிங்மெஷினில் போடலாமா?

ஒயர்கூடை அக்கா

போடாதீங்க. சுழற்றுகிற வேகத்தில் தையல் விட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷ் போட்டு, மிதித்து அலசுங்க. காயப்போடும்போது கொடியில் தொங்கவிடக் கூடாது, ஈரக் கனத்தில் இழுபட்டு வட்டம் முட்டை வடிவமாகிவிடும். மொட்டை மாடித் தரையில் தட்டையாகப் போட்டு, மத்தியானம் ஒரு தடவை திருப்பிவிடுங்க.